எதிர்வீட்டு டவரும் காதோரப் போனும்

"எதிர்வீட்டு மாடியில டவர் வச்சுட்டாங்க தம்பி, நம்ம வீட்டுல பேத்தி இருக்கா." ராஜபாளையம் டீக்கடை பெஞ்சில் அண்ணாச்சி சொன்னார். அரைமணி நேரமாகக் காதில் ஒட்டியிருந்த போனை அப்போதுதான் எடுத்திருந்தார்.

அவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர், அதனால் அங்கிருந்தே தொடங்கினேன். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். கேண்டீனில் மெல்லப் பேசினால் போதும். போனும் அப்படித்தான். டவர் கிட்டே இருந்தால் குரலைத் தணித்துக்கொள்ளும். அய்யனார் கோயில் மலையடிவாரம் மாதிரி சிக்னல் தேய்கிற இடத்தில் முழு மூச்சாகக் கத்தும். பேட்டரி மளமளவென்று இறங்குவதும் அதனால்தான். 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை போகும், 4ஜி சுமார் 0.2 வாட். டவரை ஊருக்கு வெளியே துரத்தினால் காதோரம் இருப்பதுதான் அதிகம் கத்தும்.

போனும் டவரும் அனுப்பும் இந்த அலைகள் எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுப்பதில்லை. நிரூபணமான விளைவு சூடுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: வாணலிக்கருகே முகம் காந்தும், தெருவில் ஒன்றும் தெரியாது. தூரம் இரு மடங்கானால் அலையின் வலு கால் பங்காகிவிடும்.

2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா டவர் கதிர்வீச்சுக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். போனுக்கான வரம்பு, உடல் உறிஞ்சும் அளவாக, கிலோவுக்கு 1.6 வாட். *#07# அழுத்தினால் பல போன்கள் தம் அளவைக் காட்டும். அண்ணாச்சியின் போன் வரம்புக்குள்தான் இருந்தது.

"கேன்சர்னு சொல்றாங்களே?"

2011-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த அலைகளை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது உண்மை. ஆனால் அந்த அமைப்பு கேட்டுக்கொண்டு 2024-இல் வெளிவந்த விரிவான மறுஆய்வில், போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தென்படவில்லை. எனக்கு அது ஆறுதல். இருந்தாலும் பேத்தி கையில் போனைக் கொடுக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுக் கொடுங்கள் என்றேன். ஒரு சாண் தள்ளி வைத்தாலே பெரிய வித்தியாசம்.

டவர் விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னேன். ஆன்டெனா டார்ச் மாதிரி முன்பக்கம் நீட்டி அடிக்கும், நேர் கீழே குறைவு. ஆகவே அதே உயரத்தில் நேரெதிரே ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் 'தரங் சஞ்சார்' தளத்தில் கட்டணம் கட்டினால் வந்து அளப்பார்கள்.

"அப்ப பேத்தி படுக்கிற ரூமையும் காட்டுங்க அண்ணாச்சி."