14 நிமிடம் எங்கே போனது?

எஸ்பிஎம் எழுதி முடித்து முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் வேலைக்குப் போகும் மாணவர்கள் ஜொகூரில் ஏராளம். பாசிர் கூடாங், செனாய், தெப்ராவ் தொழிற்சாலைகளிலும் ஜொகூர் பாரு பேரங்காடிகளிலும் அவர்களைப் பார்க்கலாம். பல்கலைக்கழக விடுமுறையில் வருகிறவர்கள் வேறு. முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் எல்லாரும் பார்ப்பது கடைசி வரியைத்தான். அதற்குச் சற்று மேலே ‘ஓவர்டைம்’ என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ஒரு தொகை. அது எப்படி வந்தது என்று கேட்டால், “கம்ப்யூட்டர் போட்டது” என்பார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. நிறுவனங்களில் வருகைப் பதிவு மென்பொருளைப் பொருத்தி, அதன் அமைப்புகளை நிரப்பித் தருகிறேன். விரல் ரேகையோ, முகமோ, கைப்பேசியோ, எதை வைத்துப் பதிவு செய்தாலும் கருவிக்குத் தெரிவது இரண்டே விஷயம்: வந்தது யார், எத்தனை மணிக்கு. மற்றதெல்லாம் ஒரு மனிதர் முடிவு செய்து கட்டங்களில் நிரப்பியது. தோட்டத்தில் பெரட்டு நடந்த காலத்தில் செக்ரோலில் எழுதியவர் கண்முன்னே நின்றார். சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்தது. இன்று எழுதுகிறவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார்.

முதலில் கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. 2023 ஜனவரி 1 வரை வார வரம்பு 48 மணியாக இருந்தது. அதே நாளில்தான் ஓவர்டைம் உரிமைக்கான சம்பள வரம்பும் 2,000 ரிங்கிட்டிலிருந்து 4,000 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம். அதை அந்த வேலையின் சாதாரண நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். சாதாரண நாளில் கூடுதலாகச் செய்த வேலைக்கு அதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. ஒருவருக்கு மாதம் 2,080 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 80, மணிக்கு 10, ஓவர்டைம் மணிக்கு 15. நான்காம் ஆண்டு மாணவரும் போடக்கூடிய கணக்கு.

சிக்கல் 15இல் இல்லை. எத்தனை மணி நேரம் என்பதில் இருக்கிறது.

“பதினஞ்சு நிமிஷத்துக்கு ரவுண்டிங் போட்டுடுங்க தம்பி, கணக்கு சுத்தமா இருக்கும்” என்று ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அக்கா என்னிடம் சொன்னார். அவர் கேட்டது கீழ்நோக்கிய ரவுண்டிங். வேலை 5 மணிக்கு முடிய வேண்டும், ஊழியர் 6.14 வரை இயந்திரத்தில் நிற்கிறார், மென்பொருள் 6.00 என்று எழுதும். 14 நிமிடம் போய்விட்டது. அந்த நிமிடங்களுக்கு என்ன பெரிய விலை என்று தோன்றும். தினமும் அப்படியே நடந்தால் 26 நாளுக்கு 364 நிமிடம், அதாவது 6 மணி நேரத்துக்கும் மேல். நம் உதாரண ஊழியருக்கு அது 91 ரிங்கிட். தாளில் எழுதிக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். “முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்” என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அதுவரை அங்கே நிமிடக் கணக்குதான் ஓடுகிறது.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். காலையில் 7.30க்கே விரலை வைத்துவிட்டு, கேண்டீனில் தே தாரேக் குடித்துக்கொண்டு 8 மணிக்கு வேலையைத் தொடங்குகிறவருக்கு அந்த அரை மணி நேரம் ஓவர்டைம் ஆகாது. சட்டம் வேலை நேரத்தை அழகாக வரையறுக்கிறது: ஊழியர் முதலாளியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கும் நேரம். கேண்டீனில் இருந்தவர் தன் விருப்பப்படி இருந்தார். ஆனால் 7.45க்குக் கட்டாயக் கூட்டம் என்று மேற்பார்வையாளர் வரிசையில் நிறுத்தினால் கதை வேறு. கருவிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் ஓவர்டைமுக்கு மேற்பார்வையாளரின் ஒப்புதல் என்று ஒரு கட்டம் வைக்கிறார்கள். ஒப்புதல் தர அவர் மறந்துவிட்டால், செய்த வேலை சீட்டில் வராது.

அடுத்தது இடைவேளை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். பல மென்பொருள்கள் இந்த நேரத்தைத் தானாகவே கழித்துவிடும். அன்று நீங்கள் சாப்பிடப் போனீர்களா என்று கேட்காது. இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதல்ல. தாதியரை வேலைக்கு அமர்த்தும் ஏஎம்என் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள், நேரத்தை 10 நிமிடத்துக்கு ரவுண்ட் செய்தது. 11.02க்குச் சாப்பிடப் போய் 11.25க்குத் திரும்பினால், 11.00 முதல் 11.30 வரை என்று பதியும். 23 நிமிட இடைவேளை திரையில் முழு அரை மணி நேரமாகிவிடும். உணவு இடைவேளையை இப்படி ரவுண்ட் செய்யக்கூடாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நிமிடத்தைத் துல்லியமாகப் பதியும் கருவியே கையில் இருக்கும்போது ரவுண்டிங் எதற்கு என்று எனக்கும் புரிந்ததில்லை.

வகுக்கும் எண்களிலும் பணம் ஒளிந்திருக்கிறது. வாரத்தில் 6 நாள் வேலை, நாளுக்கு ஏழரை மணி என்று ஒப்பந்தம் இருந்தால் 80ஐ 7.5ஆல்தான் வகுக்க வேண்டும். பழைய 8 அப்படியே கட்டத்தில் கிடந்தால், 16 ரிங்கிட்டாக வேண்டிய ஓவர்டைம் 15இல் நின்றுவிடும். அலவன்ஸும் அப்படித்தான். பயணப்படியும் ஆண்டு போனஸும் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் செய்யும் வேலைக்காக மாதந்தோறும் தரும் நிலையான திறன் அலவன்ஸ் சம்பளத்தின் பகுதி. அது 130 ரிங்கிட் என்றால் அடிப்படை 2,210 ஆகும். 8 மணி நேர நாளுக்கு ஓவர்டைம் மணிக்கு 15.94. மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறவருக்கு வித்தியாசம் 37 ரிங்கிட் 50 சென்.

பகுதி நேர வேலை செய்யும் மாணவர்களுக்குத் தனி விதி உண்டு. உங்கள் நேரம் 4 மணி, அதே வேலையில் முழுநேர ஊழியருக்கு 8 மணி என்றால், 4க்கு மேல் 8 வரை செய்வதற்கு வழக்கமான மணிச் சம்பளம் போதும். 8ஐத் தாண்டினால்தான் ஒன்றரை மடங்கு.

ஜொகூரில் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது 2025 ஜனவரி 1. 2014 முதல் வெள்ளி, சனியாக இருந்த மாநில வார இறுதி, அன்றுமுதல் சனி, ஞாயிறாக மாறியது. தனியார் நிறுவனங்கள் தங்கள் ஓய்வு நாளைத் தாங்களே முடிவு செய்யலாம். ஆனாலும் மாநில வார இறுதியைப் பின்பற்றிய நிறுவனங்கள் பலவும் மாறின. இதில் ஒரு நுணுக்கம். வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை தந்தால், இரண்டாவது நாள்தான் சட்டப்படி ‘ஓய்வு நாள்’. ஆக, முன்பு ஓய்வு நாளாக இருந்த சனிக்கிழமை வெறும் விடுப்பு நாளாகிவிட்டது. மாதச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் சம்பளம், நம் உதாரணத்தில் 80 ரிங்கிட். விடுப்பு நாள் வேலைக்கு நடைமுறையில் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு தருவார்கள். 8 மணி நேரத்துக்கு 120. ஓய்வு நாளில் உழைத்தால்தான் அதிகம் கிடைக்கும் என்று நினைப்போம். கணக்கு அப்படி வருவதில்லை. ஓய்வு நாளில் சாதாரண நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்பு, பொது விடுமுறையில் தாண்டினால் மும்மடங்கு. அந்த டிசம்பரில் நாட்காட்டி அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், ஒரே ஒரு கட்டத்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆளுக்கு 40 ரிங்கிட் குறைந்திருக்கும்.

பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன், அக்கா உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அங்கே சூத்திரமே வேறு. மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தாலும் வாரத்துக்கு 44 மணி நேரத்தாலும் வகுப்பார்கள். அதே 2,080ஐ வெள்ளியாகப் போட்டால் மணிக்கு 10.91 வரும். மாத ஓவர்டைம் உச்சவரம்பு அங்கே 72 மணி நேரம், இங்கே 104. இரு கரையிலும் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஒரே அமைப்பை இரண்டுக்கும் நகலெடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

சரிபார்க்க விரும்புகிறவர்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தினமும் கைப்பேசியில் குறித்துவைக்கலாம். செயலியில் பதிவு செய்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் எக்செலில் நான்கு பத்தி போதும். ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த மாத ஓவர்டைம் பணத்தை அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் வரை தரலாம். எனவே அவசரப்பட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். அதற்குப் பிறகும் கணக்கு இடித்தால், மேற்பார்வையாளரிடம் கேட்பதைவிட மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்பது நல்லது. ரவுண்டிங் உண்டா, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் என்று நேராகவே கேளுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஊழியர் பதிவேட்டை முதலாளி குறைந்தது 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, நீங்கள் படிப்புக்குத் திரும்பிப் போன பிறகும் அந்த 6.14 எங்காவது பதிவில் இருக்க வேண்டும்.