தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரின் இடம்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நீண்ட இருக்கை ஒன்று உண்டு. பையும் போர்வையுமாக அங்கே அமர்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும் பெற்றோரைப் பல ஆண்டுகளாக நாங்கள் கண்டிருக்கிறோம். ‘குழந்தைக்குத் தொற்று வந்துவிடும், உள்ளே வரக் கூடாது’ என்று கதவைச் சாத்தியவர்களும் நாங்களே. முதுநிலைப் படிப்பில் நாங்கள் கற்றது அதுதான். அந்தப் பாடம் முழுவதும் சரியன்று என்று ஒப்புக்கொள்ள எங்களுக்குச் சற்றுக் காலம் பிடித்தது.

பாடத்தை மாற்றியவற்றுள் நம் நாட்டு மருத்துவமனைகளும் உண்டு. புது டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி அளித்து அவர்களையும் பராமரிப்பில் சேர்த்துக்கொண்டனர். வழக்கமான பராமரிப்போடு இதனை ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியாயிற்று. பெற்றோர் உள்ளே வந்ததால் தொற்று மிகவில்லை; தாய்ப்பால் மட்டுமே அருந்தும் நிலையில் வீடு திரும்பிய குழந்தைகளே மிகுந்தனர். அதே ஆண்டில் நடுவண் சுகாதார அமைச்சகம் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

அதைவிட எங்களை அசைத்தது 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில், 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த 3,211 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். ஒரு பகுதியினருக்கு, உடல்நிலை சீராகும் வரை காத்திருக்காமல், பிறந்த சிறிது நேரத்திலேயே தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு தொடங்கப்பட்டது. அவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12 பேர். காத்திருந்து தொடங்கிய பிரிவிலோ 15.7 பேர். இதற்காகத் தாய்மாரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தங்க வைத்தனர். இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பிறந்த முறை இது. மாற்று ஏற்பாடாக வந்தது, இன்று முதன்மைச் சிகிச்சையாகிவிட்டது.

ஜவ்வாது மலையிலிருந்து வந்த ஒரு தாயை நினைத்துக்கொள்கிறோம். குழந்தையின் எடை 1,300 கிராம். முதல் மூன்று நாட்கள், ‘என் கை பட்டால் ஏதாவது ஆகிவிடுமோ’ என்று தொடவே மறுத்தார். செவிலியர் அருகில் அமர்ந்து கை கழுவும் முறையைக் கற்பித்தார். பின்னர் குழந்தையை மார்பில் வைத்துத் துணியால் கட்டினார். பாலாடையால் பால் புகட்டுவதை மட்டும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. (நம் வீட்டுப் பாலாடையை மருத்துவ நூல்களும் அதே பெயரால்தான் குறிப்பிடுகின்றன.) ஒன்பதாம் நாள் இரவு, ‘கால் சில்லென்று இருக்கிறது, பாலும் சரியாகக் குடிக்கவில்லை’ என்று செவிலியரை அழைத்தவர் அவரே. அப்போது கருவி எந்த ஒலியும் எழுப்பவில்லை. தொற்றின் தொடக்கம் அது. உடனே மருந்து தொடங்கினோம். குழந்தை நலமுடன் மலையேறியது.

நாள் முழுவதும் ஒரே குழந்தையைப் பார்த்திருக்கும் கண்கள் தாய்க்கு மட்டுமே வாய்க்கும். பல குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியருக்கு அது இயலாது. ஆகையால் மூச்சு வாங்குதல், நெஞ்சுக்குழி உள்வாங்குதல், உதடு நீலமாதல், உடல் குளிர்தல், பால் மறுத்தல் ஆகியவற்றைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். சும்மா கூப்பிட்டுவிட்டோமோ என்று கூச வேண்டாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செவிலியர் பற்றாக்குறையை ஈடுகட்டப் பெற்றோரை அழைப்பதாக இருந்தால் அது தவறு. அப்படி நேர்ந்தால் எங்களைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஊசி, சொட்டுமருந்தின் வேகம், ஆக்சிஜன் அளவு, வென்டிலேட்டர் குழாய் ஆகியவை எங்கள் பொறுப்பு. தாய்ப்பால் எடுத்தல் (இரவும் சேர்த்து நாளைக்கு எட்டு முறையாவது), துணி மாற்றுதல், வாய் துடைத்தல், கங்காரு பராமரிப்பு, பேசுதல் ஆகியவை கற்றுக்கொண்ட பின் உங்களுடையவை. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி, முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவாமல் யாரும் குழந்தையைத் தொடலாகாது. மருத்துவரும் விலக்கல்லர், மறந்தால் நினைவூட்டுங்கள்.

பாட்டிமார்களிடம் ஒரு வேண்டுகோள். சேனை வைப்பதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் இக்குழந்தைகளுக்கு ஆபத்து. அண்ணாமலையார் கோயில் திருநீற்றைக் கொண்டுவர வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. மடித்த காகிதத்துடன் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூள் குழந்தையின் மூச்சுக்குள் போகக் கூடாது, அவ்வளவே.

கங்காரு பராமரிப்பைத் தந்தையும் செய்யலாம். அறுவைச் சிகிச்சை முடிந்து தாய் வேறு பிரிவில் இருக்கும் நாட்களில் அவர்தான் செய்ய வேண்டும். சட்டையைக் கழற்றக் கூச்சப்படுவோருக்காகத் திரை போடுகிறோம். அன்றாடக் கூலியை விட்டு வருவது எளிதன்று என்பதை அறிவோம். எனவே தாய், தந்தை, பாட்டி, சித்தி என ஒரு குழந்தைக்கு இருவர் பெயரை முதல் நாளிலேயே பதிவுசெய்து, முறை வைத்து வாருங்கள். பௌர்ணமி நாட்களில் கிரிவலக் கூட்டத்தால் பேருந்துகள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். முறை மாற வேண்டியவர் அன்று சற்று முன்னதாகவே புறப்படட்டும். தாமதமானால் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர் வந்து சேரும்வரை செவிலியர் குழந்தையின் அருகில் இருப்பார்.