ஆல்டர்னேட்டர் கேட்கும் கூலி

ரேஸ் காரில் எடை குறைக்கப் பின்சீட்டு, தரைவிரிப்பு, ஏசி என்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறவர்களின் கண் கடைசியில் ஆல்டர்னேட்டர் மேல் விழும். காருக்கு மின்சாரம் தயாரிக்க அது பெல்ட் வழியாக இன்ஜினின் சக்தியை வாங்கிக்கொண்டே இருக்கிறதே, அதை எடுத்துவிட்டால் எவ்வளவு மிச்சம்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆல்டர்னேட்டர் தருவது சுமார் 14 வோல்ட். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், இன்ஜெக்டர், ரேடியேட்டர் விசிறி எல்லாம் சேர்ந்து 50 ஆம்பியர் இழுத்தால் 700 வாட். கம்பிச்சுருளின் சூடு, டயோடுகள், குளிர்விக்கும் விசிறி ஆகியவற்றில் பாதிக்குப் பாதி வீணாகும். 55 சதவீதத் திறன் என்று வைத்தால், இன்ஜின் கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 1,270 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட், ஆக 1.7 குதிரைத்திறன். 100 ஆம்பியர் என்றால் 3.4. 300 குதிரைத்திறன் இன்ஜினில் இது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

இந்தக் கூலி எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சைக்கிள் டைனமோவில் பல்பு எரியும்போது மிதிப்பது கனக்கும். பல்பு பியூஸ் போனால் லேசாகும். இங்கும் அதே கதைதான். மின்சுமை ஏறினால், மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டாரின் சுருளுக்குக் கூடுதல் மின்னோட்டம் அனுப்பும்; காந்தப்புலம் வலுக்கும்; ரோட்டாரைச் சுற்றுவது கடினமாகும். ஆகவே 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்குப் பதில் 120 ஆம்பியர் மாட்டினால் இருமடங்கு சக்தி போய்விடும் என்பது தவறு. சுமை மாறாதவரை செலவும் பெரிதாக மாறாது.

வேகமும் ஒரு செலவுதான். இன்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது, 2.5 மடங்கு புல்லி விகிதத்தில் ஆல்டர்னேட்டர் 20,000 சுற்று சுற்றும். அதன் விசிறி வீணாகக் காற்றைக் கடையும். ரோட்டாரை முடுக்கவும் சக்தி போகும். ரேஸ் கார்களில் ஆல்டர்னேட்டருக்குப் பெரிய புல்லி போடுவது இதைத் தவிர்க்கத்தான்.

அடியோடு கழற்றினால்? 400 மீட்டர் டிராக் ரேஸ் சில விநாடிகளில் முடிந்துவிடும், பேட்டரியே தாங்கும். நீண்ட பந்தயத்தில் கதை வேறு. பேட்டரி 12 வோல்ட்டை நோக்கி இறங்க இறங்க பம்ப் தளரும், எரிபொருள் குறையும், தீப்பொறி மங்கும். மிச்சம் பிடித்த இரண்டு குதிரைத்திறனைவிட இழப்பது அதிகமாகிவிடும்.

ஆல்டர்னேட்டர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2012 ஃபார்முலா 1 பருவத்தில் வேலன்சியாவில் முன்னணியில் ஓடிய செபாஸ்டியன் வெட்டல், ஆல்டர்னேட்டர் கெட்டுப் பந்தயத்தை இழந்தார். அதே நாளில், அவருடைய காரைப் போலவே ரெனோ இன்ஜின் பூட்டிய ரொமெய்ன் குரோஷானின் லோட்டஸும் அதே கோளாறில் நின்றது. மோன்ஸாவில் வெட்டலுக்கு மீண்டும் அதே கதி. அந்த ஆண்டுப் பட்டத்தை அவர் வென்றது வெறும் 3 புள்ளி வித்தியாசத்தில்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஆல்டர்னேட்டர் அல்ல, சுமை. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். 20 ஆம்பியர் இழுக்கும் விசிறியை அப்போது அணைத்தாலே ஏறக்குறைய 0.7 குதிரைத்திறன் சக்கரத்துக்குத் திரும்பும்.