புது கார் இன்ஜினில் சத்தம்: 'ஓட ஓட சரியாகிடும்' என்று சொன்னால் நம்பலாமா?

டவுன் பேமென்ட் கட்டி, ஏழு வருஷ லோனுக்குக் கையெழுத்துப் போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்த கார். ரெண்டாவது வாரம் காலையில் ஸ்டார்ட் செய்தால் பானெட்டுக்குள் இருந்து 'கட கட'வென்று ஏதோ ஒரு சத்தம். நேற்று வரை இது இருந்ததா, இன்றைக்குத்தான் வந்ததா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால், "அதெல்லாம் நார்மல்தான் சார், ஓட ஓட சரியாகிடும்" என்று பதில் வருகிறது.

அந்தப் பதில் பல நேரங்களில் உண்மைதான். இன்றைய இன்ஜின்களில் சில சத்தங்கள் இருக்கத்தான் செய்யும். ஆனால் நிஜமாகவே ஒரு கோளாறு இருந்து, அதையும் 'ஓட ஓட சரியாகிடும்' கணக்கில் விட்டுவிட்டால், காரோடு சேர்ந்து வாரன்ட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே வண்டியை ஓரம் கட்ட வேண்டும், சர்வீஸ் சென்டரில் அதை எப்படிப் பதிவு செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புது காரில் சத்தம் வந்தாலே கோளாறா?

இல்லை. கீழே உள்ளவை பெரும்பாலும் இயல்பான சத்தங்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்: குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். டேஷ்போர்டு முள் 1,200, 1,500 ஆர்.பி.எம். வரைகூடக் காட்டலாம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கவே இந்த ஏற்பாடு. சூடானதும் முள் 700 முதல் 900 வரை இறங்கி, சத்தமும் அடங்கிவிடும்.

'டிக் டிக் டிக்': டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின்களில் பெட்ரோல் 200 பார் அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. பழைய வகை இன்ஜெக்‌ஷனில் இது 3 முதல் 5 பார் வரைதான். அதனால் இன்ஜெக்டர் திறந்து மூடும் சத்தம் தையல் மெஷின் ஓடுவதுபோல வெளியே கேட்கும்.

அதிர்வும் 'கர்ர்' சத்தமும்: இது மூன்று சிலிண்டர் இன்ஜினின் குணம். நம் ஊரில் 4 மீட்டருக்குள் நீளம், 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் சிறிய கார் என்ற வரிச் சலுகை உண்டு. எடை, மைலேஜ் கணக்கும் சேர, இந்தப் பிரிவில் மூன்று சிலிண்டர்கள் அதிகமாகிவிட்டன. உதாரணத்துக்கு, நான்கு சிலிண்டரோடு வந்துகொண்டிருந்த ஸ்விஃப்ட், 2024 மாடலில் மூன்று சிலிண்டருக்கு மாறியது. பழைய நான்கு சிலிண்டர் காரை ஓட்டிப் பழகிய காதுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். அது கோளாறு இல்லை.

வண்டியை ஆஃப் செய்த பிறகு வரும் சத்தம்: ரேடியேட்டர் ஃபேன் சில நிமிடங்கள் தனியாக ஓடலாம். சூடான சைலன்சர் குழாய் ஆறிச் சுருங்கும்போது 'டிங் டிங்' என்று கேட்கும்.

ரிவர்ஸில் 'உய்ங்': பல மேனுவல் கார்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருக்கும். மற்ற கியர்களில் அவை சாய்வாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் இந்தச் சத்தம்.

லேசான விசில்: டர்போ இருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வரும். ஆனால் அது நாளுக்கு நாள் கூடி சைரன் மாதிரி ஆனால் காட்டிவிட வேண்டும்.

பி.எஸ்.6 டீசல் கார்: ஃபில்டரில் சேர்ந்த கரியை இன்ஜினே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்யும். அந்த நேரத்தில் ஐட்லிங் கூடும், சத்தமும் மாறும். முடிந்ததும் பழையபடி ஆகிவிடும்.

எப்போது அசட்டையாக இருக்கக் கூடாது?

முதலில் சத்தத்தைவிட முக்கியமான ஒன்று. சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உடனே இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். 'பக்கத்துலதானே சர்வீஸ் சென்டர், மெதுவா போயிடலாம்' என்ற கணக்கே வேண்டாம். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் பேரிங்குகள் தேய்ந்துபோகச் சில நிமிடங்களே போதும். டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். புது கார்களோடு பெரும்பாலும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் வரும். அந்த எண்ணை இன்றே போனில் சேமித்து வையுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜினின் அடிப்பகுதியில் இருந்து 'டொக் டொக்' என்று கனமான சத்தம் வந்தாலும் இதேதான். ஓட்டிப் பார்த்து உறுதி செய்ய நினைக்காதீர்கள்.

அடுத்து, உடனே நிறுத்தத் தேவையில்லை, ஆனால் தள்ளிப் போடவும் கூடாது என்கிற வகை:

ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு விநாடி உலோகச் சங்கிலி உரசுவது மாதிரி 'சலசல'வென்று வந்து நிற்பது. டைமிங் செயின் டென்ஷனரில் ஆயில் அழுத்தம் ஏறத் தாமதமாவது இதற்கு ஒரு காரணம்.

காலையிலோ மழை பெய்த பிறகோ 'கீச்' என்ற சத்தம். பெரும்பாலும் பெல்ட் வழுக்குவது. தினமும் வந்தால் காட்ட வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் 'லொடலொட'. சைலன்சர் மேல் உள்ள ஹீட் ஷீல்டோ அடியில் உள்ள பிளாஸ்டிக் கவரோ லூஸாகியிருக்கலாம். ஒரு போல்ட்டில் முடியும் வேலை.

நான்காவது கியரில் 25 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வரும் 'கட கட'. இது பல நேரம் காரின் கோளாறு இல்லை, கியரைக் குறைக்காதது. சரியான கியரிலும் வந்தால்தான் புகார்.

எலியையும் மறந்துவிடாதீர்கள். சூடான பானெட்டுக்குள் எலி குடியேறுவது நம் ஊரில் சகஜம். சில நாள் ஓட்டாமல் நிறுத்திய காரில் திடீரென்று சத்தம் வந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து காய்ந்த இலை, பேப்பர், கடிபட்ட வயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தம் இன்ஜினில் இருந்துதான் வருகிறதா?

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். நான்கு சின்ன டெஸ்ட் போதும். மூடிய கராஜுக்குள் வேண்டாம், திறந்தவெளியில் செய்யுங்கள்.

1. நின்ற இடத்தில்: ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் மெதுவாக 2,000 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள். அதே சத்தம் வந்து, ஆர்.பி.எம். கூடக் கூட வேகமானால் அது இன்ஜின் பக்கம். வண்டி ஓடும்போது மட்டும் வந்தால் டயர், வீல் பேரிங், பிரேக் பக்கம் சந்தேகப்படலாம்.

2. ஏ.சி.: ஆன் செய்தால் வருகிறது, ஆஃப் செய்தால் போகிறது என்றால் கம்ப்ரஸர் பக்கம் பார்க்கச் சொல்லலாம்.

3. கிளட்ச்: நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங், மிதித்தால் மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் காரணமாக இருக்கலாம்.

4. ஆயில்: சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். புது காரில் இதையெல்லாம் யார் பார்ப்பது என்று விட்டுவிடாதீர்கள்.

சத்தம் வருகிறதா என்று பார்ப்பதற்காக ஓடும் வண்டியில் சாவியை ஆஃப் செய்யவே கூடாது. பவர் ஸ்டீயரிங், பிரேக் உதவி இரண்டும் போய்விடும்.

'கொண்டு போனா சத்தமே வரல!'

எல்லோரும் சொல்லும் புலம்பல் இது. காலை ஸ்டார்ட்டில் மட்டும் வரும் சத்தம், 10 கி.மீ. ஓட்டி சர்வீஸ் சென்டர் போவதற்குள் அடங்கியிருக்கும். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. முந்தின நாள் இரவே காரை அங்கே விட்டு, மறுநாள் காலை டெக்னீஷியன் முன்னால் முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்லலாம். அல்லது வீடியோ எடுக்கலாம்.

வீடியோ எடுக்கும்போது ஆர்.பி.எம். முள், வெப்பநிலை, ஓடோமீட்டர் மூன்றும் ஒரு முறை தெரியட்டும். இது என்றைக்கு, எந்த வண்டியில், எந்த நிலையில் வந்த சத்தம் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு பானெட்டைத் திறந்து அருகில் ஒரு வீடியோ. ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துப்பட்டாவோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை நம்ப வேண்டாம். பல போன்கள் பின்னணி இரைச்சலைத் தானாகக் குறைத்துவிடும், நமக்குத் தேவையான சத்தமே அதில் காணாமல் போகலாம்.

ஜாப் கார்டில் என்ன எழுத வேண்டும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் அட்வைசரிடம் வாயால் சொன்னது பதிவாகாது. ஜாப் கார்டில் எழுதியதுதான் பதிவு.

'ஜெனரல் செக்கப்' என்றோ 'இன்ஜின் நாய்ஸ்' என்றோ மொட்டையாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. 'காலை முதல் ஸ்டார்ட்டில் 2 விநாடி உலோகச் சத்தம், 1,200 ஆர்.பி.எம்., வாரத்தில் 4 நாள், 640 கி.மீ.யில் இருந்து' என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள். அதே மாடல், அதே வேரியன்ட் டெஸ்ட் டிரைவ் காரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே சத்தம் என்றால் பாதி பயம் அங்கேயே போய்விடும். உங்கள் காரில் மட்டும் வந்தால் அவர்களாலும் 'நார்மல்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

பார்த்துவிட்டு 'பிரச்னை எதுவும் இல்லை' என்று சொன்னால், சண்டை போட வேண்டாம். அதையே எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் கோளாறு வெடித்தால், நீங்கள் முன்பே சொன்னீர்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். ஓட்டிப் பார்க்காமல் 'திருப்தி' என்ற கட்டத்தில் கையெழுத்தும் போட வேண்டாம்.

அதுவரை வெளி மெக்கானிக்கிடம் பிரித்துப் பார்க்காதீர்கள். காதால் கேட்டுச் சொல்ல வைப்பதில் தவறில்லை. ஸ்பேனர் பட்டால், நாளை வாரன்ட்டி கேட்கும்போது அதுவே காரணமாகச் சொல்லப்படலாம். ஹாரன், லைட் மாற்ற வயரை வெட்டி ஒட்டுவதும் அப்படித்தான்.

வாரன்ட்டியில் காரையே மாற்றித் தருவார்களா?

பலருக்கும் இதில் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. கார் வாரன்ட்டி என்பது பொதுவாக, உற்பத்திக் குறை உள்ள பாகத்தைப் பழுதுபார்ப்பதற்கோ மாற்றுவதற்கோ தரும் உறுதி. மாருதி உத்யோக் தொடர்பான ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. வாரன்ட்டி நிபந்தனை பாகத்தை மாற்றுவது பற்றித்தான் பேசுகிறது, அதை வைத்து முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வாரன்ட்டி புத்தகத்தின் விலக்குப் பட்டியலையும் படியுங்கள். செயல்பாட்டைப் பாதிக்காத சாதாரண சத்தம், அதிர்வு ஆகியவை கவர் ஆகாது என்ற வரி பல புத்தகங்களில் இருக்கும். 'சத்தம் எரிச்சலா இருக்கு' என்ற புகாரை இந்த வரி தடுத்துவிடும். 'சத்தத்தோடு பிக்கப் குறைகிறது, ஆயில் இறங்குகிறது, எச்சரிக்கை விளக்கு வருகிறது' என்றால் கதை வேறு. அதனால் கூடவே வரும் அறிகுறிகளையும் குறித்து வைப்பது அவசியம்.

அப்புறமும் தீரவில்லை என்றால்?

அமெரிக்காவில் திரும்பத் திரும்பப் பழுதாகும் புது காருக்கென்றே 'லெமன் லா' என்ற தனிச் சட்டங்கள் மாநிலங்களில் உண்டு. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நமக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.

முதலில், டீலரைத் தாண்டி கார் நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு இமெயில் அனுப்புங்கள். ஜாப் கார்டு நகல்கள், வீடியோ, தேதி வாரியான பட்டியல் எல்லாம் ஒரே மெயிலில் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். காருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கார் வாங்கிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். ஆன்லைன் வசதியும் உண்டு. கட்டணம் கொடுத்த தொகையைப் பொறுத்தது: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வழக்குக்குக் காரணம் ஏற்பட்டதில் இருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

குறை நிரூபணமானால் அதைச் சரிசெய்ய, பொருளை மாற்றித் தர, பணத்தைத் திருப்பித் தர, இழப்பீடு வழங்க உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 'இது உற்பத்திக் குறைதான்' என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் புகார்தாரர் தலையில்தான் விழும். அங்கே நிபுணர் அறிக்கையும், ஒரே புகாரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜாப் கார்டுகளும்தான் பேசும்.

செகண்ட் ஹேண்ட் கார் என்றால்?

பார்க்கப் போவதற்கு முன்பே, 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டின் சத்தத்தை நீங்கள் கேட்க முடியாது. வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் பொதுவாக உதவிக்கு வராது. அதனால் பணம் கைமாறும் முன்பே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

புது கார் எடுத்தவர்கள் வாரன்ட்டி முடியும் தேதியையும் கிலோமீட்டரையும் போன் காலண்டரில் போட்டு, ஒரு மாதம் முன்னதாக ரிமைண்டர் வையுங்கள். பல மாடல்களில் முதல் இலவச சர்வீஸ் 1,000 கி.மீ. அல்லது ஒரு மாதத்தில் வந்துவிடும். அதற்குப் போகும்போது கையில் வீடியோவும், துண்டுச் சீட்டில் எழுதிய புகாரும் இருக்கட்டும்.