டாக்டர் வரும்வரை உயிர் காத்திருக்குமா? நர்சு கையில் அந்த 4 நிமிடம்!

திருச்சி:-

காவிரிப் பாலத்தின் மேல் ஆம்புலன்சு அலறுகிறது. முன்னால் 1-ஆம் நம்பர் பஸ். பக்கத்தில் ஆட்டோ. எதிரே லாரி. "வழி விடுங்கப்பா!" என்று இரண்டு பேர் கத்துகிறார்கள். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்கிறது.

உள்ளே படுத்திருப்பவரின் இதயம் அந்த நேரம் பார்த்து நின்று போனால்?

பக்கத்தில் டாக்டர் இல்லை. இருப்பது நர்சிங் படித்த ஓர் இளம்பெண். அவர் கைதான் அப்போது கடவுள் கை!

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். ஊருக்குள் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரிய சிகிச்சை என்றால் ஆற்றைத் தாண்டி, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும். மாம்பழச்சாலையையும் சிந்தாமணியையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-ல் திறக்கப்பட்டது. அன்று ஓடிய வண்டிகள் எத்தனை? இன்று ஓடுவது எத்தனை? திருச்சிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மாரடைப்பு வேறு, இது வேறு

மாரடைப்பு என்றால் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக் கொள்வது. ஆள் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு பேசுவார், வியர்த்துக் கொட்டும். ஆனால் இதயம் துடித்துக் கொண்டுதான் இருக்கும்.

இதயம் நின்று போவது வேறு சங்கதி. ஆள் பொத்தென்று சாய்வார். கூப்பிட்டால் பதில் இராது. மூச்சு இராது. அல்லது மீன் வாய் பிளப்பது போல எப்போதாவது ஓர் இழுப்பு இழுக்கும். அது மூச்சே அல்ல!

ரத்த ஓட்டம் நின்று 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. மின்சார அதிர்ச்சி கொடுத்தால் பிழைக்கக்கூடிய நோயாளிக்கு, அது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. நெஞ்சை அழுத்திக் கொண்டே இருந்தால் இந்தச் சரிவு மெதுவாகும்.

108 வண்டியில் யார்?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சு சேவை 2008 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியது. இன்று 1,300-க்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வண்டியிலும் டிரைவர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர்.

இந்த உதவியாளர் வேலைக்கு பி.எஸ்சி. நர்சிங், டிப்ளமோ நர்சிங் படித்தவர்களும், மருந்தாளுனர், உயிரியல் படிப்பு படித்தவர்களும் வருகிறார்கள். பயிற்சி முடித்த பிறகே வண்டியில் ஏற்றுவார்கள். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டர் போனில் யோசனை சொல்வார்.

மேல்நிலை உயிர்காப்பு வண்டி என்று தனியாக ஒன்று உண்டு. அதில் செயற்கை சுவாச எந்திரம், இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், ஷாக் கொடுக்கும் 'டிபிபிரிலேட்டர்' எல்லாம் இருக்கும். எந்திரம் இருந்து என்ன? அதைத் தொடும் கைக்குத் துணிச்சலும் பயிற்சியும் வேண்டும்.

சினிமாவில் காட்டுவது தப்பு

சினிமாவில் என்ன காட்டுகிறார்கள்? மானிட்டரில் கோடு நேராகப் போகும். டாக்டர் ஓடி வந்து ஷாக் கொடுப்பார். கதாநாயகன் கண் திறப்பான்!

உண்மையில் நேர்க்கோடு போனால் ஷாக் கொடுக்கக் கூடாது. கொடுத்தும் பயன் இல்லை. இதயம் தாறுமாறாகத் துடித்து நடுங்கும்போதுதான் ஷாக். நேர்க்கோடு என்றால் நெஞ்சை அழுத்த வேண்டும், 'அட்ரினலின்' ஊசி போட வேண்டும். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை 1 மில்லிகிராம்.

எது நடுக்கம், எது நேர்க்கோடு என்று ஒரே பார்வையில் சொல்ல வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தும் ஆளை மாற்ற வேண்டும். ஒருவர் கடிகாரம் பார்த்து உத்தரவு போட வேண்டும். இதுதான் மேல்நிலை உயிர்காப்பு. இதில் உத்தரவு போடும் அந்த ஒருவர் நர்சாக இருக்கலாமா?

அமெரிக்காவில் நடந்தது

இந்தக் கேள்வி புதிது அல்ல. நெஞ்சை வெளியே இருந்து அழுத்தி உயிர் கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஆராய்ச்சியாளர்கள் 1960-ல் உலகுக்குச் சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இதய நோயாளிகளுக்கென்று தனி வார்டுகள் வந்தன.

அங்கே ஒரு சிக்கல். படுக்கை ஓரத்தில் 24 மணி நேரமும் இருப்பது நர்சு. ஷாக் கொடுக்கும் அதிகாரமோ டாக்டருக்கு. அவர் ஓடி வருவதற்குள் காரியம் முடிந்து விடும்! பிலடெல்பியா நகரில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சர் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். ரோஸ் பினியோ என்ற நர்சுடன் சேர்ந்து, ஈ.சி.ஜி. பார்க்கவும், காத்திராமல் ஷாக் கொடுக்கவும் நர்சுகளுக்குக் கற்றுக் கொடுத்தார். அதன் பிறகு இதய வார்டின் போக்கே மாறியது.

"டாக்டர் எங்கேம்மா?"

நம்ம ஊருக்கு வருவோம். ஏதோ ஒரு சிறிய ஆஸ்பத்திரி, இரவு 2 மணி என்று வைத்துக் கொள்ளுங்கள். வார்டில் ஒரு நர்சு. ஒரு பெரியவர் திடீரென்று சாய்கிறார். "டாக்டர் எங்கேம்மா?" என்று மகன் அலறுகிறான். டாக்டர் வேறு வார்டில் இருக்கிறார்.

நர்சுக்கு வேலை தெரியும். ஆனால் மனசுக்குள் பயம். "நாமாகச் செய்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?"

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. டாக்டர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இதயம் ஏன் நின்றது? ரத்தப் போக்கா, பொட்டாசியம் கூடியதா, நுரையீரலில் கட்டியா? காரணம் கண்டுபிடித்து அடுத்த சிகிச்சை முடிவு செய்ய டாக்டர் வேண்டும். யாரும் இதை மறுக்கவில்லை.

வழி ஒன்று உண்டு. "இந்த நிலை வந்தால், டாக்டர் வரும்வரை நர்சு இன்னின்னது செய்யலாம்" என்று ஆஸ்பத்திரியே முன்கூட்டி எழுதி வைப்பது. எழுதிய உத்தரவு இருந்தால் கை நடுங்காது. அமெரிக்க இதய சங்கத்தின் மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சியில் நர்சுகளும் சேரலாம். சான்றிதழ் 2 ஆண்டுதான் செல்லும். பிறகு மறுபடி தேர்வு. தீவிர சிகிச்சை நர்சுகளுக்கென்று இந்திய நர்சிங் கவுன்சில் 2 ஆண்டு மேற்படிப்பே வகுத்திருக்கிறது.

படிப்பு இருக்கிறது. எந்திரம் இருக்கிறது. எழுதிய உத்தரவு ஒவ்வொரு வார்டுச் சுவரிலும் தொங்குகிறதா? அதுதான் கேள்வி.

நீங்களும் செய்யலாம்

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். ஆடிப்பெருக்கில் அம்மா மண்டபம் படித்துறையில் தலைகளாகத் தெரியும். அந்த நெரிசலில் ஒருவர் சாய்ந்தால் எந்த வண்டியும் 4 நிமிடத்தில் வருவது கஷ்டம். ஆகவே முதல் நர்சு நீங்கள்தான்!

தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இல்லை என்றால் ஒருவர் 108-க்குப் போன் போடட்டும். மற்றவர் நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. களைத்தால் ஆளை மாற்றுங்கள், நிறுத்தாதீர்கள். வாயில் சோடா ஊற்றாதீர்கள்!

"போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வருமோ?" என்று விபத்தைப் பார்த்தும் ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் போடக்கூடாது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் திருத்தம் வந்துவிட்டது.

பாலத்தில் சைரன் கேட்டால் ஓரம் ஒதுங்குங்கள். உள்ளே ஒரு நர்சின் கை, யாரோ ஒருவரின் அப்பா நெஞ்சை அழுத்திக் கொண்டிருக்கலாம். நாளைக்கு அது நம்ம அப்பாவாகவும் இருக்கலாம்.