மகள் கேட்ட ஐந்து பாட்டு

"அப்பா, உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு ஐந்து சொல்லுங்கள். கைப்பேசியில் போட்டுத் தருகிறேன்" என்றாள் மகள்.

ஐந்தே ஐந்தா! கடலைக் கொட்டாங்கச்சியில் அளக்கச் சொன்னால் எப்படி? ஆனாலும் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன்.

முதலாவது, 'நாடோடி மன்னன்' (1958) படத்தில், சோம்பிக் கிடக்காதே என்று தம்பிக்குப் புத்தி சொல்லும் பாட்டு. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன். படம் வந்த மறு ஆண்டே, 29 வயதில், கவிஞர் மறைந்துவிட்டார். பெரட்டுக்குப் புறப்படும் முன் அப்பா எங்களை எழுப்பியது இந்தப் பாட்டைப் பாடித்தான்.

இரண்டாவது, 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடியது. ஆசைப்பட்டது கைகூடாதபோது மனத்தைத் தேற்றும் பாட்டு. பரீட்சையில் தோற்ற பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு மாதம் இதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். லயத்துப் பலகைச் சுவருக்கு ரகசியம் ஏது?

மூன்றாவது, 'கர்ணன்' (1964). அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணனைப் பார்த்துக் கண்ணன் பாடுவதாகச் சீர்காழி கோவிந்தராஜன் பாடியது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய அந்த இரவில், எங்களை அதட்டியே பழகிய கங்காணியும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான்காவது, இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' (1976) படத்தில் எஸ்.ஜானகி பாடியது. "காரணத்தை உன் அம்மாவிடம் கேள்" என்று மட்டும் எழுதினேன்.

ஐந்தாவதில் பேனா நின்றது. 'பாசமலர்' (1961) படத் தாலாட்டு. கண்ணதாசனின் பாட்டு, விசுவநாதன்-ராமமூர்த்தி இசை. பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் தத்தம் பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டே ஒருவரை ஒருவர் நினைத்து உருகுவார்கள். டி.எம்.எஸ்.சும் பி.சுசீலாவும் பாடியது.

வானொலியில் 'நேயர் விருப்பம்' வந்தால், அக்காவும் நானும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து இந்தப் பாட்டுக்காகக் காத்திருப்போம். அந்த அக்காவோடு நான் பேசி ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மா விட்டுப்போன மலிவு விலை வீடு யாருக்கு என்பதில் வந்த மனக்கசப்பு.

"ஐந்தாவது எங்கே அப்பா?" என்றாள் மகள். பதில் சொல்லாமல் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்ன தம்பி, சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். என்னால் பேச முடியவில்லை. சற்றுப் பொறுத்துப் பாட்டைச் சொன்னேன். அந்தப் பக்கமும் பேச்சில்லை. பிறகு, "எனக்கும் அதை அனுப்பச் சொல்லு" என்றார் அக்கா. வீட்டு விவகாரம் இன்னும் தீரவில்லைதான். ஆனால் பேச்சு தொடங்கிவிட்டது.

டி.எம்.எஸ். 2013இல் மறைந்தார், மெல்லிசை மன்னர் விசுவநாதன் 2015இல் மறைந்தார். பாட்டு நிலைக்கிறது, மனிதர்கள் நிலைப்பதில்லை.

வாசகர்களே, உங்களுக்குப் பிடித்த பாட்டுகளையும் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது யாரை நினைவூட்டுகிறதோ அவர் பெயரை எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்தால், பாட்டை அப்புறம் கேட்கலாம்; முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.