பனையோலைப் பின்னலும் ‘சில்ப அபிமானி’ போட்டியும்

நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், பாய் ஆகிய வீட்டுப் பாவனைப் பொருள்கள் பனையின் குருத்தோலையில் இழைக்கப்பட்டவை. ஓலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுப்பர்; நிறம் வேண்டுமெனில் கொதிக்கும் சாயநீரில் தோய்ப்பர். வார்ந்த இழை சீராக இருப்பதே பின்னலின் உயிர். பிளாஸ்டிக் பொருள்கள் பரவியதும் இவற்றின் பாவனை குறைந்தது.

இத்தகைய கைவினைகளுக்காக, 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கையின் தேசிய அருங்கலைகள் பேரவை ‘சில்ப அபிமானி’ போட்டியை நடத்துகிறது. எடுத்துக்காட்டாக, புத்தளம் மாவட்டத்தின் கைவினைஞர்கள் முதலில் வடமேல் மாகாண மட்டத்தில் போட்டியிடுவர். அங்கு தெரிவான ஆக்கங்கள் தேசிய மட்டத்துக்குச் செல்லும். ஜனாதிபதி விருது தேசிய மட்டத்தில்தான் வழங்கப்படும். பெயரின்றிச் சந்தைக்குப் போன பின்னலுக்கு, இழைத்தவரின் பெயரும் சேர்வது இப்போட்டியின் பெரும் பயன். பரிசுக்குப் பின் விற்பனையும் வேண்டும். 1964இல் தொடங்கிய ‘லக்சல’ அதற்கான அரச நிறுவனம்.